தீயணைப்பு வண்டி நம் லயத்துக்கு ஏறுமா?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்தில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாக் காம்பராவுக்கும் ஒரே கூரை. ஒன்றில் பற்றினால் கடைசிக் காம்பரா வரை ஓடும். 110க்கு அழைத்தாலும் வண்டி நகரத்திலிருந்துதான் வர வேண்டும். அதுவரை வாளியும் குடமுமாக நாமேதான் அணைக்கிறோம்.

2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் செலவு செய்யலாம். ஆகவே தீயணைப்பு வண்டி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் வண்டி வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது. எப்படிப்பட்ட வண்டி என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 5,000 லீற்றர் தண்ணீரின் எடை மட்டும் 5 தொன். வண்டியின் எடை வேறு. பெரிய வண்டி ஏறக்குறைய எட்டடி அகலம். பள்ளிப் பிள்ளைகளோடு நான் நாடா பிடித்து அளந்தேன். நம் மதகடியில் பாதை ஒன்பதடிதான். அந்த மதகு எத்தனை தொன் தாங்கும்?

இன்னொன்று. தாங்கி பாதி நிறைந்திருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையே தள்ளும். அதனால்தான் தாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் வேண்டும் என்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே பாதுகாப்பு நியமங்கள் உண்டு. ஐரோப்பாவில் இ.என். 1846. அமெரிக்காவில் முன்பு என்.எஃப்.பி.ஏ. 1901 இருந்தது, அதில் வண்டியை 26.5 பாகை சாய்த்துப் பார்க்கும் சோதனை இருந்தது. ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஆசனப்பட்டி கட்டாயம். தீயணைக்க வருகிறவரும் ஒரு தொழிலாளிதானே!

ஆகவே சபையிடம் மூன்று கேட்போம். விலைமனு கோருவதற்கு முன் தோட்டப் பாதைகளையும் பாலங்களையும் அளக்க வேண்டும். எந்த நியமத்துக்கு அமைய வண்டி செய்யப்பட்டது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்; பழைய வண்டி என்றாலும் பம்பியையும் பிரேக்கையும் சோதித்த அறிக்கை வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன், தாங்கி நிறையத் தண்ணீரோடு ஒரு மலைப்பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு டிவிசன் தலைவரும் உங்கள் பாதையின் அகலத்தையும், பாலங்களின் எண்ணிக்கையையும், தண்ணீர் எடுக்கக்கூடிய இடத்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள். மனுவை நான் எழுதுகிறேன். கையெழுத்து நம் எல்லோருடையதாக இருக்கட்டும்.