பழக்கமா, பண்டமா?

புகையிலை, சூதாட்டத் தொழில்களும் பொதுச் சுகாதாரக் கொள்கையும்
(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் 2003 விசித்திரமான ஆண்டு. ஜனவரியில் மாநில அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. மே மாதத்தில் சிகரெட்டு, பிற புகையிலைப் பொருட்கள் பற்றிய மத்தியச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. நவம்பரில், லாட்டரியை விரட்டிய அதே மாநில அரசு மதுச் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் வழியாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது.

மக்கள் உடலையும் குடும்பத்தையும் கெடுத்து வளரும் ஒரு தொழிலை அரசு எப்படிப் பார்க்கிறது? வாங்குபவரின் பழக்கக் கோளாறாகவா, விற்கப்படும் பண்டத்தின் தன்மையாகவா? இவ்வுரையின் பொருள் இதுதான்.

1. சந்தேகமும் சுதந்திரமும்

1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் விசாரித்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் விண்டரும் கிரஹாமும் அதே ஆண்டு அதே முடிவைச் சொன்னார்கள். 1953 டிசம்பரில் நியூயார்க் பிளாசா ஓட்டலில் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். 1954 ஜனவரி 4 அன்று நானூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் அவர்களது விளம்பரம் வெளிவந்தது. மக்களின் உடல்நலமே எங்களுக்குப் பெரிது, ஆய்வுக்குப் பணம் தருகிறோம், ஆனால் எதுவும் இன்னும் நிரூபணமாகவில்லை என்பது அதன் சாரம்.

இந்தச் சந்தேகம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1994 ஏப்ரலில் ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். கம்பெனிகள் நெடுங்காலம் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பு எழுத 2006 ஆயிற்று.

சந்தேகம் செல்லாக்காசான இடத்தில் இன்னொரு வாதம் தயாராக இருந்தது. தெரிந்தேதானே பிடிக்கிறார்கள், அது அவரவர் விருப்பம் அல்லவா? இந்த வாதத்தை ஏற்கும் அரசு அறிவுரை சொல்லலாம், பள்ளியில் கட்டுரைப் போட்டி வைக்கலாம். பண்டத்தின் பக்கம் அதன் கை நீளாது.

கை நீட்டிய நாடுகளில் ஒன்று உருகுவே. மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். அதன் அப்போதைய அதிபர் தபாரே வாஸ்கெஸ் புற்றுநோய் மருத்துவர். 2006இல் மூடிய பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை வந்தது. பின்னர் சிகரெட் பெட்டியின் 80 விழுக்காட்டில் எச்சரிக்கை கட்டாயமானது. சுவிட்சர்லாந்துடன் இருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி 2010இல் சிகரெட் கம்பெனியான பிலிப் மாரிஸ் உருகுவேயின் மீது வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் கம்பெனி தோற்றது. உருகுவேயின் வழக்குச் செலவுக்காக 70 லட்சம் டாலர் கொடுக்கவும் நேர்ந்தது.

இந்தியாவிலும் 2016 ஏப்ரல் முதல் பெட்டியில் 85 விழுக்காடு எச்சரிக்கைதான். ஆனால் நம் பெட்டிக்கடையில் சிகரெட் ஒற்றையாக விற்கிறது. பெட்டி கடைக்காரரிடம் இருக்கிறது, வாங்குபவர் கைக்கு வருவது ஒரு சிகரெட். கோடிக்கணக்கானோருக்காக அச்சிட்ட படத்தைப் பெரும்பாலும் பார்ப்பவர் கடைக்காரர்தான்.

2. சட்டையில் மாறிய பெயர்

1996 கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. அக்காலத்தில் இந்திய வீரர்களின் சட்டையிலும் அந்தச் சிகரெட்டின் பெயர் இருந்தது. புகையிலை விளம்பரம் மைதானத்தை விட்டுப் போனது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே சட்டையில் பணம் வைத்து ஆடும் செயலி ஒன்றின் பெயர், ட்ரீம்11, ஏறியிருந்தது.

அந்தச் செயலிகளின் வாதம் சிகரெட்டுடையதைவிட நயமானது. இது சூதல்ல, திறமை என்றார்கள். 1968இல் ஆந்திரத்து மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மன்றத்து மேசையில் நால்வர் அமர்ந்து ஆடும் சீட்டுக்குச் சொன்னது, நள்ளிரவில் படுக்கையில் கிடந்தபடி தனியாள் விரல் தேய்க்கும் செயலிக்கும் கவசமாகியது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் செயலிகளுக்கு எதிரான தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. 2022இல் புதுச் சட்டம் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழுவில் தற்கொலைத் தடுப்புப் பணிக்குப் பெயர்பெற்ற மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இடம்பெற்றார். சூதாட்டம் காவல்துறை விவகாரம் என்ற நிலையிலிருந்து உடல்நல விவகாரமாக மாறிய இடம் அது. அடுத்து வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விடுவித்தது.

2025 பிப்ரவரியில் மாநிலம் வேறு வழியில் வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், 18 வயதுக்குட்பட்டோருக்கு இடமில்லை. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவ்விதிகளை ஏற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்காடலை விதிகள் தொடவே இல்லை. ஆட்டம் எந்த நேரத்தில், யாரிடம் வருகிறது என்பதையே அவை பிடித்தன. ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் இணையப் பண ஆட்டங்களை அடியோடு தடை செய்ய, இந்திய அணியின் சட்டையிலிருந்தும் ட்ரீம்11 என்ற பெயர் நீங்கியது.

பண்டத்தையே பிடித்ததற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. பிரிட்டனின் பந்தயக் கடைகளில் ஓர் எந்திரம் இருந்தது. 20 வினாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை அதில் பந்தயம் கட்டலாம். உச்சவரம்பு 2 பவுண்டாகும் என்று 2018 மே மாதம் அரசு அறிவித்தது. நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போனதைக் கண்டித்துத் துறை அமைச்சர் டிரேசி கிரௌச் நவம்பரில் பதவி விலகினார். 2019 ஏப்ரலில் வரம்பு அமலுக்கு வந்தது. ஆடுபவரின் மன உறுதியைப் பற்றி யாரும் உபதேசிக்கவில்லை; எந்திரத்தின் பல்லைப் பிடுங்கினார்கள்.

3. கஜானாவின் பங்கு

தடுக்க வேண்டியவருக்கே வரவும் இருந்தால்? ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று ஒருகாலத்தில் பரிசுச்சீட்டு விற்றது தமிழ்நாடு அரசுதான். கேரள அரசு 1967இல் தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது. பொதுத்துறை நிறுவனமான எல்.ஐ.சி. நெடுங்காலமாகச் சிகரெட் தயாரிக்கும் ஐ.டி.சி.யின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் புகையிலை வாரியத்தின் வேலைகளில் ஏற்றுமதியை வளர்ப்பதும் உண்டு. நடுவணரசின் ஒரு துறை பெட்டியில் புற்றுநோய்ப் படம் ஒட்டச் சொல்கிறது, இன்னொரு துறை இலைக்கு அயல்நாட்டுச் சந்தை தேடுகிறது.

ஜெனீவா உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு இந்த இடத்துக்காக எழுதப்பட்டது. சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது அது. 2004இல் உடன்படிக்கையை உறுதிசெய்த இந்தியாவில், இதற்கான நடத்தை விதிகளைச் சுகாதார அமைச்சகம் 2020இல் வெளியிட்டது. அவை அந்த அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கானவை. வணிகம், நிதி, தொழில் துறைகளுக்கும் அதே விதி வேண்டும். தொழிலின் ஆட்களோடு நடக்கும் சந்திப்புகள் அவசியமானவையாக மட்டும் இருந்து, அவற்றின் குறிப்புகள் பொதுப் பார்வைக்கு வரவேண்டும். பண ஆட்டச் செயலிகளுக்கு இப்படியோர் உலக உடன்படிக்கை இல்லை. ஆகவே இந்த வேலி, மாநிலங்களும் மத்திய அரசும் தாமே சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது.