முன்றிலும் குளிரூட்டியும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

தமிழகத்து ஊர்கள் பலவற்றில் இன்று ஒரு காட்சி பொதுவாகிவிட்டது. தெருவை நோக்கித் திறந்திருந்த திண்ணைக்கு முதலில் இரும்புக் கம்பிக் கதவு வருகின்றது. பின்னர் அரைச்சுவர் எழுகின்றது. அதன்மேல் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் ஏறுகின்றன. காற்று நின்றுபோகின்றது. மின்விசிறி வெந்த காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுகின்றது. இறுதியில் ஏ.சி. வந்து சேர்கின்றது. கார் நிறுத்தும் போர்ட்டிகோவும் இவ்வாறே அறையாகிவிடுகின்றது. கவிதை பேசும் அவையில் கட்டட வேலையைப் பேசலாமா என்னும் ஐயம் எழலாம். சங்கப் புலவர் பேசினர் என்பதே அதற்கு விடை.

முன்றில்

இல்லின் முன்பகுதியே முன்றில். 'முன்', 'இல்' என்னும் இரு சொற்களும் சேரும்போது இடையே றகர ஒற்றுத் தோன்றுவதற்குத் தொல்காப்பியர் தனியே ஒரு நூற்பா வகுத்துள்ளார். தொன்றுதொட்டு மருவி வழங்கிய சொல் அது என்பதும் அந்நூற்பாவிலேயே பெறப்படுகின்றது. இலக்கணம் தனியே இடம் ஒதுக்கும் அளவுக்கு அச்சொல் மக்கள் வாழ்வில் ஊன்றியிருந்தது.

வீசும் திசைக்கேற்பத் தென்றல், வாடை, கொண்டல், கோடை எனக் காற்றுக்கு நான்கு பெயர் இட்ட மொழி தமிழ். அவற்றுள் எதனை வீட்டினுள் அழைப்பது, எதனை வாயிலில் நிறுத்துவது என்பதைத் தமிழ்க் கட்டடக் கலைஞர் அறிந்திருந்தனர். நக்கீரரின் நெடுநல்வாடை இதற்குச் சிறந்த சான்று. வேனிற்காலத்துப் பள்ளியறையில் தென்றல் நேரே புகுமாறு வைக்கப்பட்ட சாளரம், கூதிர்க்காலத்தில் தாழிட்டு அடைக்கப்படுவதை அப்பாட்டு காட்டுகின்றது. கோடையில் குளிர்நீர் தந்த கலம் ஒதுக்கப்படுகின்றது. நெருப்புச் சட்டி அதன் இடத்தைப் பெறுகின்றது. சிலப்பதிகாரத்தில் மனையறம் தொடங்கிய கோவலனும் கண்ணகியும் இருந்த நிலைமாடத்துக்கும் தென்றல் சாளரத்தின் வழியேதான் வருகின்றது.

பருவத்துக்கேற்பத் திறந்து மூடிய கதவு அது. இன்று திண்ணையை அடைக்கும் கண்ணாடியோ பல வீடுகளில் பன்னிரண்டு திங்களும் மூடியே கிடக்கின்றது. மார்கழியிலும் உள்ளே ஏ.சி. ஓடுவதற்கு வெயில் காரணமன்று. திறக்க முடியாத சன்னலே காரணம்.

இடைகழியும் திண்ணையும்

திருக்கோவலூரில் மழையிரவு ஒன்றில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் ஓர் இடைகழியில் சந்தித்த வரலாறு இவ்வவை அறிந்ததே. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடம் தந்த சிறு இடம் அது. முன்பின் அறியாதவர்க்கு இடம் தந்ததனால் அந்த நெருக்கத்தினிடையே நான்காமவராக இறைவன் வந்தான் என்பது வைணவ மரபு. முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்த இடம் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுப்பட்ட ஒரு நடை என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

திண்ணையும் அத்தகைய இடமே. வழிப்போக்கர் அங்கே இளைப்பாறினர். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பயின்றனர். எனினும், பழமையைப் போற்றும்போது உண்மையை மறைத்தல் ஆகாது. எல்லா மனிதர்க்கும் எல்லாத் திண்ணைகளும் திறந்திருக்கவில்லை. சாதி அங்கே கண்ணுக்குத் தெரியாத கதவாக நின்றது. பெண்கள் நிலைப்படிக்குப் பின்னே நின்று திண்ணைப் பேச்சைக் கேட்டனர்; அதில் அமர்ந்து பேசினவர் அரியர். அடைத்துக் குளிரூட்டிய முன்னறையில்தான் சில வீடுகளில் ஒரு மகளோ மருமகளோ தனக்கென ஒரு மேசையும், கதவைச் சாத்தி எழுதும் உரிமையும் பெற்றிருக்கின்றாள். முதியவர்க்கும் நோயாளிக்கும் கோடை வெப்பம் உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே திண்ணையை அடைத்தவரைப் பழிப்பது இவ்வுரையின் நோக்கமன்று.

குளிர் வந்த வழி

குளிரூட்டியின் வரலாறும் எழுத்துலகத்துக்கு அயலானதன்று. 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகம் இடர்ப்பட்டது. காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் போனமையால், ஒரு வண்ணத்தின்மேல் மறுவண்ணம் பொருந்தி விழவில்லை. ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த அமைப்பே இன்றைய குளிரூட்டியின் தொடக்கம். மனிதர் உடலைக் குளிர்விப்பதற்கு முன்னரே அது அச்சிட்ட தாளைக் காத்தது.

ஏ.சி.யை அளக்கும் 'டன்' என்னும் சொல்லிலும் ஒரு பழங்கதை உறைந்துள்ளது. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த அளவே ஒரு டன். ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

அடைக்கும் முன் அறிய வேண்டுவன

திண்ணை அறையன்று, வெயிலைத் தாங்கி வீட்டைக் காக்கும் உறுப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள உள்ளறைக்கு ஒரு டன் போதுமாயின், அதே அளவுள்ள திண்ணைக்கு அது போதாமற் போகலாம். மூன்று பக்கக் கண்ணாடியும், வெயில் நேரே படும் மேல்தளமும் வெப்பத்தை இடையறாது உள்ளே தள்ளும். எனவே பெரிய கருவி வாங்குமுன் வெப்பம் வரும் வழியை அடைத்தலே அறிவுடைமை. தளத்தின்மேல் வெள்ளைப் பூச்சு, தகரமோ கல்நார்த் தகடோ ஆயின் அதன்கீழ் வெப்பத்தடுப்பு, மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி ஆகியன வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பின்னரே அதனை மறிக்கின்றது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பது வறண்ட உள்நாட்டு ஊர்களுக்குப் பொருந்தும். ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அதன் பயன் குறைவு.

பெரும்பாலான ஏ.சி.கள் அறைக்காற்றையே மீண்டும் குளிர்விக்கின்றன, புதுக்காற்றைக் கொணர்வதில்லை. திறக்கக்கூடிய சன்னல் ஒன்றேனும் இருத்தல் இன்றியமையாதது. அடைத்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினால் பெட்ரோல் ஆவி தங்கும். எஞ்சினை ஓடவிட்டால் உயிர்கொல்லும் நச்சுப்புகை நிறையும். இன்வெர்ட்டரின் ஈய-அமில பேட்டரி மின்னேற்றம் பெறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலின் அதற்குக் காற்றோட்டமுள்ள வேறிடம் தேட வேண்டும். திண்ணை விளக்குக்கு இழுத்த மெல்லிய மின்கம்பியில் ஏ.சி.யை இணைத்தல் தீயை விருந்துக்கு அழைப்பதாகும். தனிக்கம்பியும் நில இணைப்பும் தேவை. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்னும் விதி 2020 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குக் கீழே இறக்கும் ஒவ்வொரு பாகைக்கும் மின்செலவு ஏறும்.

தெருவின் பங்கு

இவை யாவினும் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகின்றது. ஒரு டன் கருவி அறையிலிருந்து எடுக்கும் மூன்றரைக் கிலோவாட் வெப்பத்தோடு, தான் உண்ணும் ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரத்தையும் வெப்பமாகச் சேர்த்து வெளியே வீசுகின்றது. வெளியே என்றால் எங்கே? முன்னறையின் வெளிப்பெட்டி மாட்டப்படும் இடம் பெரும்பாலும் தெருப்பக்கமே. காய்கறி விற்கும் அம்மையாரின் முகத்திலும், பேருந்துக்கு நிற்கும் பிள்ளையின் முதுகிலும் அவ்வனல் படுகின்றது. தெருவுக்கு நிழல் தந்த இடம், தெருவுக்கு வெப்பம் தரும் இடமாகின்றது. வீட்டின் குளிர்ச்சிக்குரிய விலையில் ஒரு பகுதியை வீட்டார் மின்கட்டணமாகச் செலுத்துகின்றனர். மறுபகுதியைச் செலுத்துபவர் வழியில் செல்பவர்.

இதற்கு மாற்று அரிதன்று. வெளிப்பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலேயோ மொட்டைமாடியிலோ வைக்கலாம். அதன் கழிவுநீரைத் தெருவில் சொட்டவிடாமல் செடிக்கு விடலாம். திண்ணை முழுவதையும் அடைக்காது இரண்டடி அகலத்தை வெளியே விட்டு, அதன்மேல் தாழ்வாரத்தை நீட்டினால் கண்ணாடிக்கும் நிழல் கிட்டும். களைத்து வந்தவர்க்கும் இருக்கை கிட்டும். முற்காலத்துத் திண்ணை சிலரை விலக்கியது. இன்று விடப்படும் இரண்டடி எவரையும் விலக்காதிருக்கட்டும்.

உள்ளே ஒரு பெண் குளிர்ந்த அறையில் அமர்ந்து எழுதட்டும். வெளியே பெயரறியாத ஒருவர் நிழலில் அமர்ந்து நீர் அருந்தட்டும். இரண்டுக்கும் இடம் தரும் வீடே முன்றில் என்னும் பழஞ்சொல்லுக்கு உரிய வீடு.