பார்த்துப் பழக வேண்டிய கலை



குறிஞ்சிப்பாடித் தெருக்களில் நடப்பவர் காதில் தறியின் ஓசை விழும். இங்குக் கைலி நெய்யும் நெசவாளர், சிவப்பின் அருகே கறுப்பு எத்தனை இழை வரவேண்டும், கட்டம் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டே நெய்கிறார். அந்தக் கட்டத்தைச் சுட்டி, “இஃது எதன் உருவம்?” என்று எவரும் வினவுவதில்லை, நிறம் பொருந்துகிறதா என்றே பார்க்கிறோம். அதே நாம் கலைக்கூடம் ஒன்றினுள் புகுந்து, நிறமும் கோடும் மட்டுமே நிறைந்த ஓவியத்தைக் கண்டதும், “ஒன்றும் விளங்கவில்லையே!” என்று நகைத்துவிட்டு அப்பால் செல்கிறோம். துணியில் ஒப்புக்கொண்டதை ஓவியத்தில் ஒப்ப மறுப்பானேன்?

கல்விச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தவறவிடுவதில்லை. 1851-இல் தோன்றிய பழம்பெரும் நிலையம் அது. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டருகே அரைமணி நேரம் நிற்கும் மாணவர் கூட்டம், ஓவியங்களை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடும். பிள்ளைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. உடன் செல்லும் ஆசிரியர்கள் அதற்குள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று விரட்டத் தொடங்கிவிடுவார்கள். அங்கு இரவிவர்மாவின் ஓவியத்தின் முன் நிற்பது எளிது. முகம் தெரிகிறது, சேலையின் மடிப்பும் தெரிகிறது. புதுமை ஓவியத்தின் முன் நிற்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

கே. சி. எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்வோம். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் வேலை பார்த்தவர். பின்னர்ச் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, அதற்கே முதல்வரானவர். இயற்கைக் காட்சிகளைச் செவ்வையாகத் தீட்டும் திறம் அவருக்கு இருந்தது. ஆகவே, வரையத் தெரியாமையால் புதுமையை நாடினார் என்று எவரும் கூறவியலாது. அத்தகையவர் 1963-இல் “சொற்களும் குறியீடுகளும்” என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். கணிதக் குறிகள், எண்கள், எழுத்துகள், சிறு உருவங்கள் ஆகியவை படம் முழுதும் நெருங்கி நிற்கும். கணித மாணவனின் குறிப்பேட்டுப் பக்கம்போல முதலில் தோன்றும். படிக்க முயன்றால் பொருள் கிட்டாது. பார்க்க முயன்றால் கிட்டும். கோயிற் சுவரில் நாம் படிக்கத் தெரியாத கல்வெட்டைக் கண்டும் அதன் வரிசை அழகில் மயங்கி நிற்பதில்லையா? ஏறத்தாழ அதுபோன்ற இன்பமே இது.

1966-இல் பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். அரசின் கொடையை எதிர்பார்த்து அவர்கள் அமர்ந்திருக்கவில்லை. பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் வாழ்ந்துகொண்டே ஓவியம் தீட்டினர். பிழைப்பும் கலையும் ஒன்றையொன்று தாங்கின. 2009-இல் அங்கு ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஓவியங்களையும் வெட்டவெளியில் நிற்கும் சிற்பங்களையும் ஒருசேரக் காண விரும்புவோர் அங்கேதான் முதலில் செல்லவேண்டும் என்பது என் கருத்து.

இனி நிழற்படம். பொறி எடுப்பது கலையாகுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858-இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுத்த காலம் அது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒரே படமாக்கினார். எங்கு நின்று, எந்நேரத்து ஒளியில், எதை விடுத்து எதை எடுப்பது என்று தெரிந்தது பொறி அன்று, மனிதனின் கண்ணே. செலவு மிகுதி என்று 1859-இல் அப்பணி நிறுத்தப்பட்டது. செலவுக்கணக்கை இன்று யார் நினைக்கிறார்கள்? படங்கள் நிற்கின்றன.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய நிழற்படங்களை ஓர் இலட்சத்திற்கு மேல் சேர்த்து வைத்துள்ளது. அதனோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு நிழற்படக் கூடங்களில் எடுக்கப்பட்ட படங்களையும் தேடித் திரட்டிப் படியெடுத்தனர். மணமக்கள், முதற் பிறந்தநாள் குழந்தை, தீட்டிய திரைமுன் நாற்காலியில் விறைத்து அமர்ந்த பெரியவர் ஆகியோரின் படங்கள் அவை. கூடங்கள் மூடப்படும்போது கண்ணாடித் தகடுகள் குப்பைக்குப் போகின்றன. ஈரமும் பூஞ்சையும் எஞ்சியவற்றைத் தின்கின்றன. அருங்காட்சியகத்திற்குச் செல்லவேண்டிய செல்வம் அவ்வாறு அழிகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அத்தகைய படங்கள் சில இருக்கக்கூடும். பாட்டி இருக்கும்போதே அவரருகில் அமர்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் ஓரமாக எழுதிவையுங்கள். மையால் எழுதவேண்டா, அது ஊறி முகத்தைக் கெடுக்கும். மெல்லிய பென்சில் போதும்.