ஃப்ரன்ட் லோடா, டாப் லோடா? முதல்ல குழாயைத் திறந்து பாருங்க

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "ப்ரோ, புது வீடு பாத்தாச்சு, வாஷிங் மெஷின் வாங்கணும், ஃப்ரன்ட் லோடா, டாப் லோடா?" கூடவே ரெண்டு மாடலோட லிங்க் இருக்கும், பட்ஜெட் இருக்கும், எத்தனை கிலோன்னு இருக்கும். உங்க வீட்டுக் குழாயில என்ன தண்ணி வருது, எவ்வளவு வேகத்துல வருதுன்னு மட்டும் யாருமே எழுதுறதில்ல. நான் சென்னைக்காரன். அதனால சென்னை வீட்டை வெச்சே பேசுறேன். இங்க இந்த முடிவை எடுக்கிறது பெரும்பாலும் தண்ணிதான்.

ரெண்டு மெஷினும் எப்படித் துவைக்குதுன்னு முதல்ல பாத்துடலாம். துவைக்கிற கல்லு ஞாபகம் இருக்கா? துணியைத் தூக்கி, கல்லுல அடிச்சு, மறுபடி தூக்கி அடிக்கிறது. ஃப்ரன்ட் லோட் செய்யறது கிட்டத்தட்ட அதுதான். படுத்திருக்கிற டிரம் சுத்தும்போது துணி மேல போய், தன் எடையிலேயே கீழ விழுது. துணி நனையற அளவுக்கும் கொஞ்சம் மேல தண்ணி இருந்தாப் போதும். டாப் லோட், பெரிய வாளியில துணியைப் போட்டுக் கையால சுழட்டி அலசுற மாதிரி. துணி சுழலணும்னா மிதக்கணும், மிதக்கணும்னா தண்ணி நிறைய வேணும்.

7 கிலோ மெஷின்ல ஒரு முழு லோடுக்கு ஃப்ரன்ட் லோட் தோராயமா 50, 60 லிட்டர் எடுக்கும். டாப் லோட் 100 லிட்டரைச் சாதாரணமாத் தாண்டும். 15 லிட்டர் குடம்னு வெச்சா நாலு குடம் ஒரு பக்கம், ஏழெட்டு குடம் இன்னொரு பக்கம். 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஓஎம்ஆர்ல கம்பெனிங்க ஆளுங்களை வீட்டுலேருந்து வேலை பாக்கச் சொன்னது மறந்திருக்காது. லாரித் தண்ணிக்கு அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போட்டவங்களுக்கு இந்த நாலு குடம் வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்ல.

அடுத்தது பிழியறது. ஃப்ரன்ட் லோட் பொதுவா 1200 ஆர்பிஎம், டாப் லோட் 700 பக்கம். கேக்கும்போது ரெண்டு மடங்கு கூட இல்லைன்னு தோணும். ஆனா மையவிலக்கு விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். டிரம் அரை மீட்டர் விட்டம்னு வெச்சுக் கணக்குப் போட்டா, 700ல துணியில இருக்கிற தண்ணியை வெளிய தள்ளுற விசை புவியீர்ப்பைப் போல சுமார் 135 மடங்கு. 1200ல அது 400 மடங்கு. காலேஜ்ல படிச்ச ஃபார்முலா எனக்கு நிஜமா உதவின அபூர்வமான இடம் இது. மே மாசத்துல இது முக்கியமே இல்ல, எதைப் போட்டாலும் அரை நாள்ல காஞ்சிடும். நவம்பர் மழையில, பால்கனியில நாலு அடி கொடி மட்டுமே இருக்கிற வீட்டுல, ரெண்டு நாளா ஜீன்ஸ் காயாம ஒரு வாடை வருமே, அங்கதான் இந்த மூணு மடங்கு தெரியும்.

இவ்வளவு நல்லதுன்னா எல்லாரும் ஃப்ரன்ட் லோட் வாங்கிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. இந்த மெஷின்கள் நம்ம வீட்டுக்காகப் பொறந்தது இல்ல. 1937ல அமெரிக்காவுல பெண்டிக்ஸ் கம்பெனி கொண்டுவந்த வீட்டு ஆட்டோமேட்டிக் மெஷின் ஃப்ரன்ட் லோட்தான். ஆடாம இருக்க அதைத் தரையோட போல்ட் போட்டு இறுக்கணும். அப்புறம் பெரிய வீடும் தாராளமான வெந்நீரும் இருந்த அமெரிக்காவுல டாப் லோட் பரவிச்சு. சின்ன சமையலறை மேடைக்கு அடியில நுழையணும், தண்ணியைத் தானே சூடு பண்ணிக்கணும்னு இருந்த ஐரோப்பாவுல ஃப்ரன்ட் லோட் நின்னுச்சு. ரெண்டு ஊர்லயும் குழாயைத் திறந்தா நல்ல அழுத்தத்துல தண்ணி வரும்னு ஒரு அனுமானம் இருந்தது. நம்ம ஊர்ல மொட்டை மாடி டேங்க்ல இருந்து தண்ணி தானா இறங்கி வரும். அவ்வளவுதான் அழுத்தம்.

அதையும் கணக்குப் போடலாம். 10 மீட்டர் உயரத் தண்ணி கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். நிறைய ஃப்ரன்ட் லோட் மாடல்கள் குறைஞ்சது 0.3ல இருந்து 0.5 பார் வரைக்கும் கேக்குது, மேனுவல்ல போட்டிருக்கும். நீங்க கடைசி மாடியில, டேங்குக்கு நேர் கீழ இருக்கீங்கன்னா, டேங்க் தண்ணிக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவுல மூணு மீட்டர் இருந்தாலே அதிகம். அதாவது 0.3 பார். அதுலயும் உப்பு படிஞ்ச பழைய பைப் கொஞ்சம் தின்னுடும். மெஷின் சில நிமிஷம் தண்ணிக்குக் காத்திருந்து பாக்கும், அப்புறம் எரர் காட்டி நின்னுடும். அதே பில்டிங்ல கீழ் வீட்டுக்காரருக்கு அதே மாடல் ஜோரா ஓடும். நீங்க சர்வீஸ் ஆளைத் திட்டிட்டு இருப்பீங்க. பிரஷர் பம்ப் போட்டாச் சரியாகும், ஆனா வாடகை வீட்டுல ஓனர் சம்மதிக்கணும். டாப் லோட்ல இந்தத் தொல்லை குறைவு. குறைஞ்ச அழுத்தத்துல நிரம்பற மாடல்களும் இருக்கு. ஒண்ணும் நடக்கலன்னா மூடியைத் திறந்து வாளியில ஊத்திடலாம்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி மெஷின் வைக்கப்போற இடத்துக் குழாயை முழுசாத் திறந்து, 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல பாத்துக்கோங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள நிறைஞ்சா நிம்மதி. மூணு நிமிஷம் ஆனா, ஃப்ரன்ட் லோட் வாங்க முன்னாடி பிளம்பர்கிட்ட பேசுங்க.

இன்னொண்ணு உப்புத் தண்ணி. "போர் தண்ணியில ஃப்ரன்ட் லோட் செத்துடும்"னு எல்லா மாமாவும் சொல்வாங்க. அதுல பாதிதான் உண்மை. கடினத் தண்ணியில இருக்கிற கால்சியம், சூடு பண்ணும்போது வெள்ளையாப் படியும். ஃப்ரன்ட் லோட்ல ஹீட்டர் இருக்கிறதால அது மேல படியும். நீங்க சாதாரணத் தண்ணியிலேயே துவைச்சா அந்தப் பிரச்சினை ரொம்பக் குறைஞ்சிடும். நிஜமாத் தொந்தரவு பண்றது பவுடர்தான். கடினத் தண்ணியில டிடர்ஜென்ட் சரியா வேலை செய்யாது, நுரை வரலன்னு நாம இன்னும் ஒரு கரண்டி போடுவோம். ஃப்ரன்ட் லோட்ல தண்ணியே கம்மி, அதனால மிச்சம் போகாது. கறுப்புச் சட்டையில வெள்ளைத் திட்டு வர்றது இப்படித்தான். ஃப்ரன்ட் லோடுக்குன்னு விக்கிற லிக்விடைப் போடுங்க, ஒரு அலசல் கூட வைங்க. கதவு ரப்பர்ல தண்ணி தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், துவைச்சு முடிச்சதும் கதவை மூடாம விடுங்க.

உங்க தண்ணி எப்படின்னு தெரிய டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. அது கரைஞ்சிருக்கிற எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கால்சியம் எவ்வளவுன்னு தனியாச் சொல்லாது. பாட்டில்ல பாதித் தண்ணி பிடிச்சு, குளிக்கிற சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்க. நுரை நின்னா நல்ல தண்ணி. தயிர் திரிஞ்ச மாதிரி ஆனா கடினத் தண்ணி. துவைக்கிற பாரைப் போட்டா இது தெரியாது, குளிக்கிற சோப்புதான் வேணும்.

இப்ப எங்க வீட்டுக் கதை கொஞ்சம். போன வருஷம் மெஷின் வாங்க அப்பா, அம்மா, நான் மூணு பேரும் கடைக்குப் போனோம். சேல்ஸ்மேன் அப்பாகிட்ட பட்ஜெட் கேட்டார், என்கிட்ட இஎம்ஐ பத்திப் பேசினார். யார் துவைக்கிறாங்கன்னு கேக்கவே இல்ல. அம்மாவுக்கு முட்டி வலி. "இதுல குனிஞ்சு குனிஞ்சுதான எடுக்கணும்?"னு ஃப்ரன்ட் லோடைக் காட்டிக் கேட்டாங்க. "அப்போ டாப் லோட் எடுத்துக்கோங்க மேடம்"னு அவர் உடனே திரும்பிட்டார். அம்மா நேரா அந்த டெமோ மெஷின் மூடியைத் திறந்து உள்ள கையை விட்டாங்க. அவங்க அஞ்சடி கூட இல்ல. விரல் அடியைத் தொடல. எக்கி நின்னு, வயித்தை விளிம்புல அழுத்தினாத்தான் ஒத்தைச் சாக்ஸை எடுக்க முடியும். ஈரப் புடவை ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு இருந்தா இன்னும் கஷ்டம். எந்த ரிவ்யூ வீடியோலயும் நான் இதைப் பாத்ததில்ல.

எங்க வீடு முதல் மாடி, மேல ரெண்டு மாடி இருக்கிறதால அழுத்தம் பரவாயில்ல. கொத்தனாரை வெச்சு முக்கால் அடி உயரத்துக்கு அகலமா ஒரு சிமெண்ட் மேடை கட்டி, மட்டம் பாத்து, அது மேல ஃப்ரன்ட் லோடை வெச்சோம். சொந்த வீடுங்கிறதால முடிஞ்சுது. அம்மா இப்ப ஸ்டூல் போட்டு உக்காந்து துணி எடுக்கிறாங்க. மெஷினைப் போட்டு விடுறது அப்பா. அதுல அவருக்குப் பெருமை வேற. காயப்போட்டு, மடிச்சு, அடுக்குறது இன்னும் அம்மாதான். அதுக்கு எந்தக் கம்பெனியும் மாடல் விடல.

ரெண்டுமே வேண்டாம், செமி ஆட்டோமேட்டிக் போதும்னு ஒரு கட்சி இருக்கு. அவங்களைச் சிரிக்காதீங்க. விலை கம்மி, வாளித் தண்ணி போதும். வெள்ளைத் துணி போட்ட அதே சோப்புத் தண்ணியில கலர் துணி, அதுக்கப்புறம் மிதியடின்னு மூணு சுத்து ஓட்டலாம். தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருதரம் வர்ற தெருவுல இதை ஜெயிக்க எந்த ஆட்டோமேட்டிக்காலயும் முடியாது. ஆனா பக்கத்துலேயே ஒரு ஆள் நிக்கணும். வேலைக்குப் போற ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல அந்த ஆள் யாருன்னு முன்னாடியே பேசிக்கோங்க.

என்னைக் கேட்டா, தண்ணி நிலையா வந்து, அழுத்தம் இருந்து, மூணு நாலு வருஷம் ஒரே இடத்துல இருப்பீங்கன்னா ஃப்ரன்ட் லோட். 11 மாச அக்ரிமெண்ட், கடைசி மாடி, லாரித் தண்ணின்னா யோசிக்காம டாப் லோட். எடையும் ஒரு காரணம். ஆடாம இருக்க ஃப்ரன்ட் லோடுக்குள்ள கான்கிரீட் மாதிரி எடைக்கட்டி வெச்சிருப்பாங்க, மொத்தம் 60 கிலோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கு ஏத்தும்போது லோடுமேன் அண்ணன் உங்களைப் பாக்கிற பார்வையே வேற.

அப்படியும் வாடகை வீட்டுல ஃப்ரன்ட் லோட் வாங்குறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. இன்ஸ்டால் பண்ண வர்றவர் பின்னாடியிருந்து நாலு நீள போல்ட்டைக் கழட்டிக் குடுப்பார். டிரம் ஆடாம வண்டியில வர்றதுக்காகப் போட்டது அது. தூக்கிப் போட்டுடாதீங்க. வீடு மாறும்போது திரும்ப மாட்டணும். ஒரு கவர்ல போட்டு, வாடகை அக்ரிமெண்ட் இருக்கிற ஃபைல்லயே வெச்சிடுங்க. அடுத்த வாரம் இன்வெர்ட்டர் பேட்டரி பத்திப் பேசலாம், கேள்விகளை இப்பவே அனுப்புங்க.