வெளிநாட்டு டாக்டர் படிப்பு: கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் "குறைந்த செலவில் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்." என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. உறுப்பினர்களும் எங்களிடம் கேட்கிறார்கள். "பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. ஏஜென்ட் 25 லட்சம்ங்கிறார். நிலத்தை வச்சா அனுப்பிடலாமா?"

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இங்கே தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்றால் ஐம்பது லட்சத்தைத் தாண்டுகிறது. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று நம் பிள்ளைகள் போவதற்கு அதுதான் காரணம். அப்படிப் போய்ப் படித்துத் திரும்பி, நல்ல டாக்டராக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே சுய உதவிக் குழு முதன்முதலாக 1989-ல் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்றிலிருந்து இன்றுவரை குழுவில் ஒருத்தர் பத்தாயிரம் கடன் கேட்டாலும் நாம் என்ன செய்கிறோம்? எதுக்கு, மொத்தம் எவ்வளவு, எப்படித் திரும்பி வரும், நடுவில் தடங்கல் வந்தா என்ன பண்ணுவே என்று கேட்டுத்தானே தீர்மானம் எழுதுகிறோம்? பத்தாயிரத்துக்குக் கேட்கும் கேள்வியை 25 லட்சத்துக்குக் கேட்காமல் விடலாமா?

முதல் கேள்வி: எதுக்கு?

வெளிநாட்டுப் பட்டம் வாங்குவதற்கு இல்லை, இங்கே டாக்டராக வேலை பார்ப்பதற்கு. அதற்குச் சட்டம் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும் என்பது 2018 முதல் கட்டாயம். "நீட் வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் விதிகள் போட்டிருக்கிறது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதோடு 12 மாதம் அதே கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்துகொள்ளத் தகுதி தரும் பட்டமாக இருக்க வேண்டும். சேர்ந்ததில் இருந்து 10 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பட்டம் வெறும் காகிதம்தான்.

"ஆணையம் அங்கீகரித்த கல்லூரி" என்று நோட்டீசில் போட்டிருப்பார்கள். எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஆணையம் அப்படி அங்கீகாரம் கொடுப்பதில்லை. விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இரண்டாவது கேள்வி: மொத்தம் எவ்வளவு?

ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் கல்லூரிக் கட்டணம்தான். விடுதி, சாப்பாடு, விசா, இன்சூரன்ஸ், விமான டிக்கெட், குளிர் நாடென்றால் அதற்கான துணிமணி, திரும்பி வந்து தகுதித் தேர்வுக்கு கோச்சிங் எல்லாம் தனி. இத்தனையும் சேர்த்து ஆறு வருஷத்துக்கு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கட்டணம் டாலரில். வருஷம் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2014-ல் ஒரு டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்போது அது 2 லட்சத்து 40 ஆயிரம். 2025 கடைசியில் டாலர் 90 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. அதே 4,000 டாலர் அந்தக் கணக்கில் 3 லட்சத்து 60 ஆயிரம். கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றவில்லை, நமக்கு மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. தக்காளி விலை மாதிரிதான், நம் கையில் இல்லை.

மூன்றாவது கேள்வி: எப்படித் திரும்பி வரும்?

படித்து வந்ததும் போர்டு மாட்டிவிட முடியாது. எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. 300 மார்க்குக்கு 150 எடுத்தால் பாஸ். 2023 டிசம்பரில் எழுதியவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் கணக்கில்தான் பாஸ் ஆனார்கள். பாஸ் ஆன பிறகும் இங்கே 12 மாதம் பயிற்சி முடித்தால்தான் முழுப் பதிவு.

இப்போது கடனைப் பாருங்கள். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளை தேர்வு எழுதிக்கொண்டோ, பயிற்சியில் இருந்துகொண்டோ இருக்கும். முழுச் சம்பளம் வந்திருக்காது. முதல் தவணைகளை யார் கட்டுவது? கடன் பத்திரத்தில் பெற்றோரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறோம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி நிலத்தையோ வீட்டையோ ஈடாகக் கேட்கும். "வீட்டுக்காரர் சொன்னார், போட்டேன்" என்று நம்மில் யாரும் கைநாட்டோ கையெழுத்தோ போடக் கூடாது. படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நான்காவது கேள்வி: நடுவில் தடங்கல் வந்தால்?

2020-ல் கொரோனா வந்தபோது சீனாவில் படித்த பிள்ளைகள் திரும்பிப் போக முடியாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் வீட்டில் செல்போனைப் பார்த்தே மருத்துவம் படித்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் தொடங்கியது. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அரசு விமானம் வைத்து மீட்டது. அதில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். உயிர் தப்பியது பெரிய விஷயம். ஆனால் படிப்பு? இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் வழியில்லை என்று அதே வருஷம் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. பலர் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறி, மறுபடி செலவு செய்தார்கள். 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் வெளிநாட்டு மாணவர்களை ஒரு கும்பல் தாக்கியது. அந்த இரவு இங்கே எத்தனை தாய்மார்கள் தூங்கியிருப்பார்கள்?

கடைசி ரூபாய் வரை கணக்குப் போட்டு அனுப்பினால், இப்படி ஒரு தடங்கலில் வண்டி நின்றுவிடும். ஒரு வருஷச் செலவு கையில் தனியாக இருக்க வேண்டும்.

இங்கே இருக்கும் வழி

6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் நடக்கிறது. பக்கத்தில் கிருஷ்ணகிரியிலும் 2022-ல் திறந்தாகிவிட்டது. பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போதே இதை நினைவில் வையுங்கள். இரவல் வாங்கி ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை போய்விடும்.

முதல் தடவை நீட் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு வருஷம் படிக்க விடுங்கள். பையனுக்கு ஒரு வருஷம் கொடுக்கிறோம், பெண்ணுக்கு என்றால் "வயசாகுது" என்கிறோம். 25 லட்சத்தோடு ஒப்பிட்டால் அந்த ஒரு வருஷம் பெரிதில்லை. நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் படிப்புகளும் ஆஸ்பத்திரிக்குள் போகும் வழிதான்.

எல்லாம் யோசித்து வெளிநாடுதான் என்று முடிவானால், போங்கள். கட்டணத்தை ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கல்லூரியின் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். அதே கல்லூரியில் படித்து, இங்கே தேர்வில் பாஸ் ஆன இரண்டு பேரிடமாவது பேசுங்கள். கலெக்டர் ஆபீஸில் தாட்கோ, டாப்செட்கோ, டாம்கோ கடன்கள் உங்களுக்குப் பொருந்துமா என்று முதலில் விசாரியுங்கள். "உதவித்தொகை வாங்கித் தர்றோம்" என்று சொல்பவரிடம் அரசாணையைக் காட்டச் சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் அதற்கு மேலும்தான், எம்.பி.பி.எஸ்.க்கு இல்லை.

ஒரு வேண்டுகோள். ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கட்டக் குழுவில் உள்கடன் கேட்டால், இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதி வந்த பிறகே கொடுப்பது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அந்தப் பணத்தில் இருபது பேரின் சேமிப்பு இருக்கிறது.