4096 பைட் ஃபைல்ல என்ன பிரச்சனை?

இன்னைக்கு ஒரே ஒரு பைட் பத்திப் பேசப்போறோம்.

சி மொழியில ஒரு ஸ்ட்ரிங்கோட நீளத்தை யாரும் கூடவே எழுதி வைக்கிறதில்ல. கடைசியில மதிப்பு 0 உள்ள நல் பைட் இருக்கும், அது வர்ற வரைக்கும் படிச்சுக்கிட்டே போகணும். போசிக்ஸ் தரத்துல ரெஜெக்ஸ் தேடுற ரெக்எக்ஸெக் ஃபங்ஷனும் இதை நம்பித்தான் ஓடுது. நீளம் எவ்வளவுன்னு கேட்காது.

இப்ப கிட் பக்கம் வாங்க. கிட் டிஃப்ல பெரிய எழுத்து ஜி ஆப்ஷன் போட்டா, மாறின வரிகள்ல ஒரு பேட்டர்ன் இருக்கான்னு தேடும். இதுக்கு ஃபைலை எம்மேப் வழியா மெமரியில கொண்டுவரும். எம்மேப் பேஜ் கணக்குல வேலை செய்யும், ஒரு பேஜ் வழக்கமா 4096 பைட். 5000 பைட் ஃபைல்னா 2 பேஜ். மிச்சமிருக்கிற 3192 பைட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டம் 0 போட்டு நிரப்பிடும். ஆக, யாரும் வைக்காத நல் பைட் ஓசியில கிடைச்சிருது!

ஃபைல் சரியா 8192 பைட்டா இருந்தா? மிச்ச இடமே கிடையாது. தேடல் அடுத்த பேஜுக்குத் தாண்டும். அங்க எதுவும் மேப் ஆகலைன்னா செக்மென்டேஷன் ஃபால்ட். வேற ஏதாவது இருந்தா இன்னும் மோசம்: க்ராஷ் ஆகாது, சம்பந்தமில்லாத மெமரியில தேடிட்டு "கிடைச்சிருச்சு"ன்னு சொல்லலாம்.

2016-ல கிட் இதைச் சரி பண்ணுச்சு. ஃபைலைக் காப்பி பண்ணி கடைசியில ஒரு நல் பைட் சேர்க்கலாம்தான், ஆனா பெரிய ஃபைலுக்கு அது வீண் செலவு. அதனால ரெக்-ஸ்டார்ட்எண்ட்ங்கிற கூடுதல் வசதியை எடுத்துக்கிட்டாங்க. தொடக்கமும் முடிவும் எங்கன்னு நாமே சொல்லிடலாம். இது போசிக்ஸ்ல கிடையாது. ஜிலிப்சில இருக்கு, மஸல்ல இல்ல. இல்லாத இடத்துல கிட் தன் கூடவே வர்ற ரெஜெக்ஸ் கோடைப் பயன்படுத்திக்கும்.

2015-ல வந்த பிசிஆர்இ2 இன்னும் தெளிவு. பேட்டர்னுக்கும் நீளம் கொடுக்கலாம், தேடுற ஸ்ட்ரிங்குக்கும் கொடுக்கலாம். ஒரு இடத்துல மட்டும் கவனம். நடுவுல இருந்து தேடணும்னா பாயின்டரை நகர்த்தாதீங்க, ஸ்டார்ட் ஆஃப்செட் கொடுங்க. 'தேங்காய்'ல பாயின்டரை 'காய்'க்கு நகர்த்திட்டா, "ஸ்ட்ரிங்கோட தொடக்கத்துல 'காய்' இருக்கா"ன்னு கேட்கிற பேட்டர்ன் தப்பா பொருந்திடும். முன்னாடி 'தேங்' இருந்ததே அதுக்குத் தெரியாதே!

உங்க கோட்ல எம்மேப்பும் ரெஜெக்ஸும் சேர்ந்து இருந்தா, சரியா 4096 பைட்ல, பேட்டர்ன் எங்கேயுமே பொருந்தாத ஒரு ஃபைல் செஞ்சு ஓட்டிப் பாருங்க. 4095 பாஸ் ஆகும், அதை நம்பாதீங்க.