'ஹெவி' என்னும் சொல்



ஆவடி மக்கள் நன்கறிந்த ஆங்கிலச் சொல் 'ஹெவி'. 1965-ல் தன் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலையின் பெயரிலேயே அது உள்ளது. அங்கு அதன் பொருள் எடை. ஆயினும் அச்சொல் மிகுதியையும் குறிக்கும். பேரிழப்பு 'ஹெவி லாஸ்'. போக்குவரத்து நெரிசல் 'ஹெவி டிராஃபிக்'. துயரால் கனத்த நெஞ்சம் 'ஹெவி ஹார்ட்'.

தமிழில் பலத்த காற்று, பலத்த மழை என்கிறோம். ஆங்கிலத்திலோ காற்றுக்கு 'ஸ்டிராங்', மழைக்கு 'ஹெவி'. ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் வானிலைத் துறை அதனை 'ஹெவி ரெயின்' என்று கூறும்.

என் மாணவன் ஒருவன் நேர்காணலில் 'ஸ்டிராங் ரெயின்' என்றான், நகைத்தார்கள். அவன் தமிழில் சரியாகவே சிந்தித்தான். எச்சொல் எதனோடு சேரும் என்று சொல்லித்தர அவன் வீட்டில் ஆங்கிலம் கற்றவர் எவருமில்லை. நம்மில் பலர் நிலையும் அதுவே.

ஆதலின், இளைஞர்களே, சொல்லைத் தனியே மனனம் செய்யாதீர்கள். அதன் இணைச்சொல்லோடு குறித்து வையுங்கள். நாளுக்கு ஓர் இணை போதும். கற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். நம் முன்னோர் தலையில் சுமந்த பாரத்தின் முன் இது பாரமன்று.